நாத்தனார் என்று எழுதிய இடத்தில்

கோச்கோர்,
மார்ச் 10

அன்புள்ள ஜிபாருக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அந்த இர்குட்ஸ்க் குளிரில் நீயும் காதை மூடி வயிற்றை நிரப்பிச் சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். அம்மாவுக்கு, அதாவது உனக்கு அம்மா எனக்கு அத்தை, முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. உன் அண்ணன் ஆட்டுக் கொட்டகையே கதி என்று கிடக்கிறார், இந்த வருஷம் இரட்டைக் குட்டிகள் அதிகம், நேற்று ஒன்று அடுப்படியில் என் பூட்ஸுக்குள் தலையை விட்டுக்கொண்டு தூங்கியது. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நம் வீட்டுப் போன் உனக்குத் தெரியாதா, அத்தை ஸ்பீக்கரைப் போட்டு மடியில் வைத்துக்கொள்வார், பக்கத்து வீட்டுக்காரியும் வந்து உன்னை நலம் விசாரிப்பாள். இது உனக்கு மட்டும் சொல்ல வேண்டியது. பயப்படாதே, சந்தோஷமான விஷயம்தான், எழுதும்போதே என் கை என்னை முந்திக்கொண்டு ஓடுகிறது.

நூலகத்தில் பெண்கள் எழுத்துக் கூட்டம் ஆரம்பித்ததையும் நான் போகிறதையும் சொல்லியிருந்தேன் அல்லவா. சிறுவர் பகுதியில்தான் உட்காருகிறோம், குட்டி நாற்காலிகளில் முழங்கால் மோவாயில் இடிக்க. நான் எப்போதும் முதல் வரிசை, சீவிய பென்சில் இரண்டு, அகராதி ஒன்று. கல்யாணத்தால் பாதியில் நின்ற ஆசிரியர் பயிற்சியை இந்த வயதில் முடிக்கப் போகிறவள் மாதிரி இருக்கிறேன் என்று உன் அண்ணன் கேலி செய்கிறார். நூலகர் ஜூராகான் அக்கா முதல் நாளே சொல்லிவிட்டார், "புள்ள பெத்ததை எழுதுங்க, ஆசைப்பட்டதை எழுதுங்க, ஆனா பொய் மட்டும் எழுதாதீங்கடி. பொய்யான தாய்மாரைப் பத்தி இங்க அலமாரி நிறையப் புஸ்தகம் கெடக்கு" என்று. நான் நிஜத்தைத்தான் எழுதினேன். உன்னைப் பெற்றதை எழுதினேன். முதல் பிள்ளை தாத்தா பாட்டிக்கு என்கிற வழக்கப்படி, நாற்பதாம் நாள் குளிப்பாட்டி அத்தை உன்னைத் தன் மகளாகப் பக்கத்து அறைக்குக் கொண்டு போனதை எழுதினேன். அன்று இரவு நான் நன்றாகத் தூங்கினேன் என்பதையும் எழுதினேன் ஜிபார், பத்தொன்பது வயது, அத்தனை அசதி. மறுநாள்தான் மார்பில் பால் கட்டிக்கொண்டு, சுவரில் காதை வைத்து நின்றேன். உனக்குப் பால் தர மட்டும் என்னிடம் கொண்டு வருவார்கள். மாமா எதிரில் உன்னைக் கொஞ்சினால் மரியாதைக் குறைவு. அதனால் சாயங்காலம் உன் அண்ணன் உன்னைத் தூக்கி, "பாப்பாவுக்குக் குதிரையைக் காட்டிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு லாயத்துக்கு வருவார். அங்கே நான் பசுவைக் கறந்துகொண்டிருப்பேன். உன்னை என் கையில் போட்டுவிட்டு வாசலில் முதுகைக் காட்டி நின்றுகொள்வார், யாராவது வந்தால் இருமுவார். அவர்மேல் எனக்குக் காதல் வந்தது கல்யாணத்தன்று இல்லை, அந்த முதுகைப் பார்த்துத்தான். இதையும் எழுதினேன், முகம் சிவக்கச் சிவக்க.

எழுதியதைக் கூட்டத்தில் வாசித்தேன். பாதியில் ஒருத்தி களுக் என்று சிரித்தாள், அப்புறம் எல்லோரும். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சந்தையில் தயிர் உருண்டை விற்கிற மைராம் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அனார்குல், நாத்தனாருக்கு எவடி பால் குடுப்பா? என் நாத்தனாருக்கு நான் வெஷம்கூடக் குடுக்க மாட்டேன், வீணாப் போயிடும்!" என்றாள். தாளைப் பார்த்தேன். "என் நாத்தனார் பிறந்தபோது பனி கொட்டியது. என் நாத்தனாரை மார்போடு அணைத்தேன்." முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அப்படித்தான் எழுதியிருக்கிறேன். நீ அத்தையை அம்மா என்றும் பெற்ற அப்பாவை அண்ணன் என்றும் என்னை அண்ணி என்றும் கூப்பிட்டு வளர்ந்தவள், ஊரில் யார் கேட்டாலும் நாத்தனார் என்றே சொல்லிப் பழகிய வாய், கைக்கும் அதுவே வந்துவிட்டது. எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன், சிரிக்கச் சிரிக்க விரல் ஜில்லிட்டுப் போனது. ஜூராகான் அக்கா சிரிக்கவில்லை. அந்த வார்த்தையின் கீழே ஒரு சிவப்புக் கோடு போட்டு, "மகளிர் தினத்துல எல்லார் முன்னாடியும் வாசிக்கப் போற. அதுக்குள்ள இந்தப் புள்ள உனக்கு யாருன்னு முடிவு பண்ணிக்கோ" என்றார். உனக்கு அப்புறம் எனக்கு வேறு பிள்ளை தங்கவில்லை. ஆக இந்த வீட்டில் என்னை அம்மா என்று கூப்பிட ஒருவரும் இல்லை என்பது, ஜிபார், அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

முந்தாநாள் மகளிர் தினம், நூலகக் கூடம் நிறைந்துவிட்டது. அத்தை வெள்ளைத் தலைத்துணி கட்டி முன்வரிசையில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்தார். உன் அண்ணன் பின்னால் கதவோரம், கொட்டகை வாசனையோடு. நான் எழுந்தேன், தாளில் இன்னும் பழைய வார்த்தைதான் இருந்தது, கீழே சிவப்புக் கோட்டோடு. வாயைத் திறந்தேன், "என் மகள் பிறந்தபோது பனி கொட்டியது" என்று வந்தது. கைத்தடி ஒரு தரம் தரையில் தட்டியது. கதவோரம் உன் அண்ணன் இருமினார், அந்தப் பழைய இருமல். நான் நிறுத்தவில்லை, கடைசி வரை வாசித்தேன், ஒவ்வொரு இடத்திலும் மகள், மகள், மகள். மைராம் மூக்கைச் சிந்திய சத்தம் கடைசி வரிசை வரை கேட்டிருக்கும்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அத்தை கைத்தடியை ஊன்றி எங்களுக்கு முன்னால் நடந்தார். மாவுத் துண்டுகளைப் போர்சோக்காகப் பொரித்து வைத்தேன், தொடவில்லை. தேநீர் ஊற்றிக் கொடுத்தேன், கிண்ணத்தை வாங்கி ஊதி ஊதிக் குடித்தார். திடீரென்று உன் அண்ணனைப் பார்த்து, "ஏண்டா, அந்தச் செங்குதிரையை எப்ப வித்தோம்?" என்று கேட்டார். பதிலையும் அத்தையே சொன்னார். "பாப்பா பொறந்த வருஷமே இலையுதிர் காலத்துல வித்தாச்சு. அதுக்கப்புறமும் ரெண்டு குளிர்காலம் குதிரையைக் காட்டறேன்னு தூக்கிட்டுப் போனியே, வெறும் பசு நின்ன லாயத்துல எந்தக் குதிரையடா காட்டின? நான் ஒரு நாளாவது கேட்டேனா? உங்கப்பா கேட்டப்பவும் குதிரை நல்லா இருக்குன்னுதானே சொன்னேன்?" என்றார். உன் அண்ணனின் காது இரண்டும் சிவந்துவிட்டன. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து தேநீர் மேஜைவிரிப்பில் கொட்டிவிட்டது, அதற்கும் ஒரு திட்டு வாங்கினேன். அப்புறம் அத்தை போர்சோக்கை எடுத்துக் கைமாக் பாலாடையில் தோய்த்துக்கொண்டே, "புஸ்தகத்துல மகள்னே போட்டுக்கோ. ஆனா போன்ல அவ என்னைத்தான் அம்மான்னு கூப்பிடணும், அதை மட்டும் விட்டுத் தர மாட்டேன்" என்று முடித்துவிட்டார்.

ஆமாம், புத்தகம் வரப்போகிறது! எங்கள் எல்லோருடைய எழுத்தும் சேர்ந்து, என் பெயர் அச்சில். ஆனால் யாரைப் பற்றி எழுதினோமோ அவர்களைக் கேட்காமல் அச்சுக்குக் கொடுக்க மாட்டேன் என்கிறார் ஜூராகான் அக்கா. அத்தை சொல்லிவிட்டார், உன் அண்ணனுக்குக் குதிரை விஷயம் வெளியே வந்ததில் வெட்கமே தவிர மறுப்பில்லை. பாக்கி நீ ஒருத்தி. உனக்கு எது சரியோ அதைச் சொல். உன்னைத் தோளில் போட்டு வளர்த்தவர் அத்தை, அந்தப் பெயர் அவருக்குச் சேர்ந்ததுதான், அதை அவரிடமிருந்து பிடுங்க நான் எழுதவில்லை. போனில் எப்போதும் போல அண்ணி என்றே கூப்பிடு, கிழவிக்கு மனசு நோக வேண்டாம். ஆனால் கடிதத்துக்கு யாராலும் ஸ்பீக்கர் போட முடியாது ஜிபார். பதில் எழுதும்போது மேலே முதல் வரியில் என்னை எப்படிக் கூப்பிடுகிறாயோ, அதையே உன் முடிவாக எடுத்துக்கொள்கிறேன். அன்புள்ள அண்ணிக்கு என்று இருந்தால் நாத்தனார் என்றே அச்சில் போகட்டும், நான் வருத்தப்பட மாட்டேன். கொஞ்சம் படுவேன். சரியாகிவிடும்.

மைராமின் தயிர் உருண்டைகளும் கம்பளிக் காலுறையும் தனியாக அனுப்பியிருக்கிறேன், காலுறையை மடித்து வைக்காமல் போட்டுக்கொள். ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடிந்து வெறும் தேநீர் குடித்துவிட்டுப் படுக்காதே. ஆற்றுப் பனியில் குறுக்கு வழி போகாதே, மார்ச் மாதத்துப் பனியை நம்ப முடியாது. உன் வழி வெளிச்சமாகவும், உன் கை பட்ட நோயாளிகள் குணமாகவும், நீ நீண்ட காலம் நலமாகவும் இரு. பதில் போட மறக்காதே, முதல் வரி மட்டும் எழுதினாலும் போதும்.

இப்படிக்கு,
லாயத்தில் உனக்குக் குதிரை காட்டிய
உன் அம்மா
அனார்குல்