உன் பாதம் நடிக்கவில்லை

என் தோழி,

இன்று காலை கூரியரில் ஒரு நீளமான அட்டைக் குழாய் வந்தது. மூடியைத் திருகியதும் புதுக் காகிதமும் மையும் கலந்த வாசனை. கைரோபிராக்டிக் மறுவாழ்வு சிகிச்சையில் சிறப்பு நிபுணர் என்று வாரியம் தந்த சான்றிதழ். நடுவில் என் பெயர். கிளினிக்குக்கு எது வந்தாலும் உனக்கு வாசித்துக் காட்டுவது என் வழக்கமில்லையா? முதல் வரியைச் சத்தமாக வாசித்துவிட்டு நிமிர்ந்தேன். உன் நாற்காலியில் யாரோ ஒரு நோயாளியின் பை இருந்தது.

முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் சீர்செய்யும் அந்தப் படிப்பை நாம் மலேசியாவில் ஒன்றாகப் படித்தோம். பிள்ளையார்பாளையத்தில் கிளினிக் திறந்தபோது முதலில் வந்தவர்கள் என் உறவுக்காரர்கள்தான். தறிக்குழியில் காலை இறக்கிவிட்டு நாள் முழுக்கக் குனிந்தே இருக்கிறவர்கள். வலி குறைந்து போவார்கள், சில வாரத்தில் அதே வலியோடு திரும்பி வருவார்கள். "வலிய எடுத்துட்டா போதுமா? திரும்பத் தறியில உட்கார்றதுக்கு அந்த உடம்பைப் பழக்க வேணாமா?" என்று கேட்டவள் நீ. அதற்கென்றே தனியாக ஒரு வாரியத் தேர்வு இருப்பதைத் தேடிப் பிடித்தவளும் நீதான்.

வகுப்புகள் இணையத்தில் நடந்தன. எழுத்துத் தேர்வையும் இங்கிருந்தே முடித்துவிட்டோம். செய்முறைத் தேர்வு மட்டும் வெளிநாட்டில். அங்கே நோயாளியாக நடிக்க ஆட்களை வைத்திருப்பார்கள், அவர்களைப் பரிசோதித்து நோயைச் சொல்ல வேண்டும். அதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் கிளினிக்கைச் சாத்திவிட்டு மாறிமாறி நடித்துப் பழகினோம். எனக்கு நடிப்பு வராது. நீ ஒருநாள் லாரி டிரைவர், ஒருநாள் பட்டுக்கடை முதலாளியின் மாமியார். பொழுது சாய்ந்தால் சாப்பிடாத சமண வீட்டுப் பெண் என்பதால், திருப்பருத்திக்குன்றத்திலிருந்து உன் அம்மா கொடுத்தனுப்பிய டப்பாவை வெளிச்சத்திலேயே திறந்துவைத்து, வாய் நிறையச் சோற்றோடு முனகுவாய்: "ஐயோ, இடுப்பு போச்சே டாக்டரம்மா!"

அந்த ஞாயிறு உனக்குக் கழுத்துவலிக்காரி வேடம். நீ மேசையில் ஏறிப் படுத்தாய். முட்டிக்குக் கீழே சுத்தியலால் லேசாகத் தட்டினேன். கால் அளவுக்கு மீறி எகிறியது. உள்ளங்காலில் கோடு இழுத்தேன். கீழே மடங்க வேண்டிய பெருவிரல் மேலே எழும்பியது.

"நடிச்சது போதும்டி. இது கழுத்துவலி கேஸு" என்றேன்.

"நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லியேடி."

சிரித்துக்கொண்டேதான் உன் பாதத்தைப் பிடித்துச் சட்டென்று மேல்நோக்கி மடக்கினேன். பாதம் என் உள்ளங்கையில் தானாக அடித்துக்கொள்ளத் தொடங்கியது. பிடித்தபிடியில் வைத்திருந்தும் நிற்கவில்லை. அதை யாராலும் நடிக்க முடியாது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தண்டுவடத்தை எதுவோ அழுத்துகிறது. நீ முழங்கையை ஊன்றி எழுந்து, வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்தாய்.

"இன்னொரு வாட்டி பண்ணு" என்றாய்.

பண்ணினேன். அதேதான்.

"கொஞ்ச நாளா செருப்பு கழண்டு கழண்டு போய்க்கினு இருக்குது. செருப்புதான் சரியில்லன்னு புதுசு வாங்கினேன்பா" என்று மெதுவாகச் சொன்னாய். நான் உன் பாதத்தை இன்னும் விடாமல் பிடித்திருந்தேன்.

மறுநாளே சென்னையில் ஸ்கேன் எடுத்தோம். மேல்முதுகில், தண்டுவடத்தை ஒட்டி ஒரு கட்டி. அறுவை சிகிச்சை செய்து முழுதாக எடுத்துவிட்டார்கள். புற்றுநோய் இல்லை என்று சொன்னபோது உன் அம்மா ஆஸ்பத்திரி நடையிலேயே உட்கார்ந்துவிட்டார். கால்கள் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. இருவரும் படித்ததையெல்லாம் உன்மேலேயே செய்தோம். படுக்கையில் புரள, விளிம்பில் உட்கார, வாக்கரைப் பிடித்து நிற்க. நான் அவசரப்பட்டால், "இது நிஜ கேஸு மேடம், மார்க் போயிடும்" என்பாய். கூடத்திலிருந்து வாசல்வரை நீ வாக்கரோடு நடந்த அன்று அம்மா தெருவுக்கே சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்.

தேர்வுக்கு நான் போகப்போவதில்லை என்றேன். உனக்குக் கோபம் வந்தது. "எனக்காக நிக்காத. எனக்காகப் போவவும் போவாத. உனக்கு வேணும்னா போ." எனக்கு வேண்டியிருந்தது. போனேன்.

அங்கே நோயாளியாக நடித்தவர் ஓர் இளைஞர். அவர் பாதத்தை மடக்கிவிட்டுக் காத்திருந்தேன். அது சும்மா கிடந்தது. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். தேர்வாளர் தொண்டையைச் செருமிய பிறகுதான் கை நகர்ந்தது. வெளியே வந்ததும் உன்னை அழைத்துச் சொன்னேன்.

"அழுதியா?"

"கொஞ்சம்."

"நல்லா இருக்கிற காலுக்கு எவளாவது அழுவாளா? சீக்கிரம் வா. இங்க ஒருத்தி வாக்கர் இல்லாம நடந்து காட்டணும்னு காத்துக்கினு இருக்குறா."

சென்னையில் விமானம் இறங்கி போனைத் திறந்ததும் உன் தம்பியின் அழைப்புகள் வரிசையாக இருந்தன. தேர்வு எப்படி என்று கேட்கத்தான் இத்தனை முறையா என்று சிரித்துக்கொண்டே அழைத்தேன். "அக்கா போய்ட்டாங்கக்கா" என்றான். எங்கே என்று கேட்டேன். நிஜமாகவே அப்படித்தான் கேட்டேன்.

குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாயாம். மூச்சு வாங்குகிறது என்றாயாம். அவ்வளவுதான். கால் ரத்தக்குழாயில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, காலுறை, பயிற்சி எதையும் நாம் விடவில்லை. இருந்தும் இப்படி ஆகலாம் என்று நம் பாடத்தில் ஒரு பத்தி உண்டு. எனக்கு அந்தப் பத்தி இன்றும் மனப்பாடம். அது உன்னைப் பற்றியது என்று மட்டும் என் தலையில் ஏறவே இல்லை.

இன்று மதியம், கருட சேவையில் சாமி தூக்குகிறவர்களில் மூத்தவர் தோள்வலியோடு வந்தார். திருவிழாவுக்குப் பிறகு இந்தப் பக்கம் வராதவர். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னொரு டாக்டரம்மா இல்லியாமா? அவங்க கைதான் எனக்கு ராசி" என்றார்.

"இன்னிக்கு இல்லீங்க" என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. திருத்தியிருக்கலாம். அவர் நம்பிக்கையோடு தலையை ஆட்டி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சரி, நாளைக்கு வரேன்மா."

நாளைக்கு வருவார். அவரிடம் சொல்ல வேண்டும். அதற்கு முன் நான் அதை நம்ப வேண்டும்.