தாரை வார்க்கும் கை

கொட்டாஞ்சேனை
2.5.2024

இஞ்சேருங்கோ,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பிறிட்ஜில் வைத்துவிட்டு வந்த மீன்குழம்பு முடிந்திருக்கும். தொலைபேசியில் என்னை ஒரு வசனம் முடிக்க விடமாட்டீர்கள். அதனால்தான் எழுதி, ஓட்டோ ஓட்டுகிற பௌஸியிடம் கொடுத்துவிடுகிறேன்.

நான் கோபித்துக்கொண்டு அண்ணா வீட்டுக்கு வந்தது சும்மா இல்லை. கேட்டது ஒன்றே ஒன்று. அண்ணாவின் மகள் யதுஷாவின் கல்யாணத்தில் நீங்களும் நானும் மணவறையில் இருந்து அவளைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். பெற்ற தகப்பன் இருக்கும்போது நான் ஏன் என்று கேட்டீர்கள். காரணம் உங்களுக்குத் தெரியாதா? இரத்மலானையில் அண்ணாவின் பிளாஸ்டிக் வாளிக் கம்பனி நொடிந்து, கடனிறுக்க வகையற்றவர் என்று கோர்ட் எழுதிவைத்த நாளிலிருந்து மனிசன் எந்த நல்ல காரியத்திலும் முன்னுக்கு வருவதில்லை. மாப்பிள்ளை வீட்டார் பொரளையில் பேர்போன டொக்டர் குடும்பம். ஓய்வுபெற்ற நீதிபதி தாரை வார்த்தால் பிள்ளைக்கு ஒரு மதிப்பு என்று அண்ணாவே சொல்கிறார்.

அந்த வழக்கு உங்களிடம் வந்த அன்றே, மச்சானுடைய வழக்கு என்று சொல்லி வேறு நீதிபதிக்கு மாற்றினீர்கள். சரி, அது முறை. அதற்குப் பிறகு அண்ணாவின் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. வழக்கு முடிந்தும் மிதிக்கவில்லை, பென்சன் எடுத்தும் மிதிக்கவில்லை. இதையாவது செய்யுங்கோ.

ஜெகா

*

வெள்ளவத்தை
4.5.2024

அன்புள்ள ஜெகா,

கடிதம் கிடைத்தது. மீன்குழம்பு அன்றைக்கே முடிந்தது.

முதலாவது, நான் மறுப்பது வீம்புக்காக அல்ல. இரண்டாவது, மச்சானில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மூன்றாவது என்று எழுத வந்தேன், நீர் ஏசுவீர், விடுகிறேன்.

புதுக்கடை நீதிமன்றத்தில் என் காலமெல்லாம் நொடிந்தவர்களின் வழக்குத்தான் கேட்டேன். என்னோடு படித்தவர்கள் கொலை, கொள்ளை என்று பேப்பரில் பெயர் வர வழக்குப் பார்த்தார்கள். எனக்கு முன்னால் வந்ததெல்லாம் தலை குனிந்த மனிதர்கள். ஒருமுறை ஒரு தையற்காரனுடைய கத்தரிக்கோலையும் ஏலத்தில் விற்க வேண்டும் என்று எதிர்த்தரப்பு ஒற்றைக்காலில் நின்றது. தொழில் செய்கிற சாமான், உடுக்கிற துணி, படுக்கிற பாய், இவற்றில் யாரும் கை வைக்க முடியாது என்று எழுதினேன். மேன்முறையீட்டிலும் அது நின்றது. என் உத்தியோகத்தில் நான் பெருமைப்படுகிற தீர்ப்பு அது ஒன்றுதான்.

கத்தரிக்கோலையே எடுக்கவிடாத நான் உம்முடைய அண்ணாவிடமிருந்து மகளை எடுக்கவா? அந்த மணவறையில் நான் இருந்தால், இவர் தகப்பனாக இருக்கவும் வகையற்றவர் என்று சபையறியச் சொன்னதாகும். அது என்னால் முடியாது.

மச்சானுக்கு விளக்கமாக எழுதி இதோடு வைத்திருக்கிறேன். கொடும்.

அன்புடன்
பரமலிங்கம்

*

கொட்டாஞ்சேனை
7.5.2024

இஞ்சேருங்கோ,

அண்ணாவுக்கு எழுதியதைத் திருப்பி அனுப்புகிறேன். "மேற்படி விடயம் தொடர்பாக" என்று தொடங்குகிற கடிதத்தை நான் எந்த முகத்தோடு அவரிடம் நீட்டுவது?

யாரோ ஒரு தையற்காரனுக்குச் சொன்னீர்கள். அதை அண்ணாவுக்கும் அந்த நாட்களில் ஒரு பின்னேரம் வந்து சொல்லியிருக்கலாம். தொழிற்சாலைச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த மனிசன் அவர். தங்கையின் புருசன் எட்டியும் பார்க்கவில்லை என்று ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. சொல்லாததுதான் எனக்கு நெஞ்சுக்குள் கிடந்து அரிக்கிறது.

நீங்கள் எழுதியது சரி. சரியாக இருப்பதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. வாயால் வந்து சொல்லுங்கோ. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அண்ணா வீட்டில் நிற்பார். அடுத்த கிழமை கல்யாணக் கார்ட் அடிக்கக் கொடுக்க வேண்டும்.

ஜெகா

*

வெள்ளவத்தை
12.5.2024, ஞாயிறு

அன்புள்ள ஜெகா,

நான் வந்த நேரம் பார்த்து நீர் கோயிலுக்குப் போய்விட்டீர். வேண்டுமென்றே போனீர் என்று நினைக்கிறேன்.

யதுஷாதான் கதவைத் திறந்தாள். மச்சான் என்னைக் கண்டதும் எழும்பினார். எழும்பியவர் பிறகு இருக்கவேயில்லை. "இரும் மச்சான்" என்றேன். "பரவாயில்லை சேர்" என்றார். ஜெகா, அவர் என்னை ஒருநாளும் சேர் என்று கூப்பிட்டதில்லை. எங்கள் கல்யாணத்தில் என் தலைப்பாகையைக் கட்டிவிட்ட மனிதர்.

பாடமாக்கிக்கொண்டு போனதெல்லாம் மறந்துபோயிற்று. "உம்முடைய பிள்ளை, நீர்தான் கொடுக்க வேண்டும்" என்று மட்டும் சொன்னேன். யதுஷா தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது, யாரில் என்று தெரியவில்லை. கேட்பதும் முடிவு சொல்வதும் நானாக இருந்தே பழகிவிட்டேன். இன்னொருவர் வாயைப் பார்த்துக் காத்திருக்க எனக்குத் தெரியாது. அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டு எழுதும்.

பரமலிங்கம்

*

கொட்டாஞ்சேனை
16.5.2024

இஞ்சேருங்கோ,

அண்ணா சம்மதித்துவிட்டார். தாரை அவரே வார்க்கிறார். கார்ட்டில் அவருடைய பெயரும் அண்ணியின் பெயரும்தான். நீங்கள் போனபிறகு தன் பட்டுவேட்டி எங்கே என்று அண்ணியிடம் கேட்டாராம். அண்ணி அதை வெயிலில் போட்டிருக்கிறா. யதுஷா காலையிலிருந்து சிரித்துக்கொண்டு திரிகிறாள்.

இனி எழுதப்போவதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நேற்று யார் யாருக்குக் கார்ட் என்று பெயர் சொல்லிக்கொண்டு வந்தபோது, உங்கள் பெயரில் அண்ணா நிறுத்திவிட்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவர் சொன்னது சரி தங்கச்சி. ஆனா அவர் முன்னுக்கு இருந்தா எனக்குத் திரும்பவும் கூண்டுக்குள்ள நிக்கிற மாதிரித்தான் இருக்கும். அண்டைக்கு ஒரு நாள் என்னைத் தகப்பனா மட்டும் நிக்க விடச் சொல்லு."

உங்களுக்காக அண்ணாவோடு வாய்த்தர்க்கம் பட்டேன். என் ஆயுளில் அதுதான் முதல்தரம். அவர் அசையவில்லை. நீங்கள் வராத காலத்தையெல்லாம் அவர் ஒரு நாளாலே சரிக்கட்டுகிறார் என்று எனக்குக் கோபம். அதே நேரம், கேட்க அவருக்கு உரிமை இல்லை என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

கல்யாணம் முடிந்த அடுத்த நாள் வீட்டுக்கு வருகிறேன். கல்யாணத்தன்று நீங்கள் வெள்ளவத்தையிலேயே நில்லுங்கோ.

ஜெகா

*

வெள்ளவத்தை
18.5.2024

அன்புள்ள ஜெகா,

மச்சானோடு சண்டை பிடிக்காதையும். பொல்லாத கோபம் வந்தது, எழுதிக் கிழித்தேன், திரும்பவும் எழுதிக் கிழித்தேன். இப்போது இல்லை.

யதுஷாவுக்கு என் ஆசீர்வாதம் என்று நீர் உம்முடைய வாயால் சொல்லும். நான் இங்கேயே நிற்கிறேன். முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று மட்டும் பௌஸியிடம் சொல்லிவிடும்.

பரமலிங்கம்