விடுப்பாகிப் போன ராஜினாமா

மார்ச் 4

அன்பானவருக்கு,

நலம். ஹோட்டல் சலவைப் பிரிவு வேலையை விட்டுவிட்டு வீட்டோடு வந்துவிடப் போவதாக எழுதியிருந்தீர்கள். கண்ணாடி போட்டு ஒரு தடவை, போடாமல் ஒரு தடவை படித்தேன். கல்யாணமானதிலிருந்து நீங்கள் ஒரு ஊர், நான் ஒரு ஊர்.

ராஜினாமாவை முறையாகச் செய்யுங்கள். முதலில் மேனேஜரிடம் நேரில் சொல்ல வேண்டும். அதுவரை இஸ்திரி மேசைப் பக்கம் மூச்சு விடாதீர்கள். கடிதம் மூன்று வரி போதும். குறை எதுவும் வேண்டாம். எங்கள் பள்ளியில் ஒரு கணக்கு டீச்சர் தலைமையாசிரியரைத் திட்டி நாலு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு வேறு பள்ளியில் சேர்ந்தார். ஆறே மாதத்தில் அதே மனிதர் அங்கே மாற்றலாகி வந்து உட்கார்ந்தார். உங்கள் இடத்துக்கு வருபவருக்கு வேலையைப் பழக்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

உங்கள் டீச்சர்

மார்ச் 15

டீச்சருக்கு,

நீ சொன்னது ஒன்று, நடந்தது ஒன்று. மேனேஜர் அவசரமாக வெளியே கிளம்பிக்கொண்டிருந்தார். கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். மாலையில் கூப்பிட்டு, "மே மாசம் முழுக்க லீவு குடுத்துட்டேண்ணே, நல்லா ரெஸ்ட் எடுத்துட்டு வாங்க" என்றார். கடைசி வரியில் 'போய் வருகிறேன்' என்று எழுதியிருந்தேனாம். மொட்டையாகப் 'போகிறேன்' என்று எப்படி எழுதுவது? இங்கே எல்லோரும் சிரிக்கிறார்கள்.

உன் ஹோட்டல்காரன்

மார்ச் 22

அன்பானவருக்கு,

நானும் சிரித்தேன். 'வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன்' என்று எழுதினால் யாருக்கும் சந்தேகம் வராது. அது உங்களுக்குத் தெரியாதா? போன வருஷம் உங்கள் பிரிவில் ஒருவர் நின்றபோது அவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்ததே நீங்கள்தானே. தெரியாமல் தப்பாக எழுதும் பிள்ளையும் உண்டு, தெரிந்தே தப்பாக எழுதும் பிள்ளையும் உண்டு. இரண்டாவது பிள்ளையை நான் திட்டியதில்லை. பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்பேன்.

என்னங்க விஷயம்?

உங்கள் டீச்சர்

மார்ச் 30

டீச்சருக்கு,

பிடித்துவிட்டாய்.

லீவில் வந்தால் ஒரு வாரம் என்னைத் தாங்கு தாங்கு என்று தாங்குகிறாய். துவாலையைக் கூட நீதான் எடுத்துத் தர வேண்டும். எந்த ஸ்விட்ச் எந்த விளக்குக்கு என்று எனக்கு இன்னும் தெரியாது. இங்கே கண்ணை மூடிக்கொண்டு விரிப்பு மடிப்பேன். அங்கே எட்டாவது நாள் நான் யார்? உனக்கு என்மேல் சலிப்பு வந்துவிட்டால் எங்கே திரும்பிப் போவேன்?

உன் ஹோட்டல்காரன்

ஏப்ரல் 6

அன்பானவருக்கு,

எட்டாவது நாள் நான் எப்படி இருப்பேன் என்று எனக்கும் தெரியாது. முறைத்துக்கொள்வோம், முறைத்தால் என்ன? விருந்தாளியோடுதான் சண்டை போடக் கூடாது.

பீரோவில் ஒரு தட்டைக் காலி செய்துவிட்டேன். உங்கள் கடிதம் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது, இந்த வீட்டுச் சாவி என்னிடம் மட்டுமே இருக்கிறது. இன்னொன்று செய்து இதோடு வைத்திருக்கிறேன். வேலையை விடுவதும் விடாததும் உங்கள் விருப்பம். சாவி எப்படியும் உங்களுடையது.

உங்கள் டீச்சர்

ஏப்ரல் 17

டீச்சருக்கு,

சாவி கிடைத்ததும் மேனேஜர் அறைக்குப் போய் நேரில் சொன்னேன். "நிஜமாவாண்ணே?" என்று எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். என் இடத்துக்கு வந்திருக்கும் பெண் கெட்டிக்காரி, சீக்கிரம் பழகிவிடுவாள். மாதக் கடைசியில் கிளம்புகிறேன்.

ரயில் மதியத்தில் வரும், பள்ளி லீவில் நீ கண் அயரும் நேரம். எழுந்து வராதே. நானே திறந்துகொள்கிறேன்.

உன்னவன்