ஏழாம் நம்பர் மலையில் பூரணியின் செடி

பொகவந்தலாவை
18 மார்ச் 1962

அன்புள்ள மகன் சிவசாமிக்கு அப்பா மாயாண்டி எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம், கொழும்பு வெயிலில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறோம். கடை முதலாளி ராசிக் நானா உன்னை நன்றாக வைத்திருக்கிறார் என்று எழுதியிருந்தாய், மனசு குளிர்ந்தது. அம்மாவுக்கு முட்டிவலிதான் விடவில்லை, கொழுந்தெடுக்க இப்போது தூரத்து மலைக்கு ஏறவேண்டியிருக்கிறது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பழைய தேயிலையைப் பிடுங்கிப் புதிதாக நட்டால் தோட்டத்துக்கு அரசாங்கம் மானியம் கொடுக்கிறதாம். நம் துரை ஏழாம் நம்பர் மலையை அந்த மானியத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். தை மாதத்திலிருந்து வேரோடு பிடுங்குகிறோம். மானியம் துரைக்கு, முதுகுவலி நமக்கு, விறகு மட்டும் எல்லா லயத்து வீடுகளுக்கும் தாராளம். இதுவரை சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன், இனி முடியாது. அந்த மலையின் ஓரத்தில்தானே காய்ச்சலில் போன உன் தங்கை பூரணியைப் புதைத்தோம். கல் வைக்க நமக்கு எங்கே வழி, நம் ஆட்கள் செய்கிறபடி தலைமாட்டில் ஒரு தேயிலைக் கன்று வைத்தோம். நர்சரியிலிருந்து அதை மடியில் கட்டிக்கொண்டு வந்து நட்டவன் நீதான், மறந்திருக்க மாட்டாய்.

அந்த ஒரு செடியை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கணக்கப்பிள்ளையிடம் கெஞ்சினேன். கெட்ட மனிதர் இல்லை, ஆனாலும் "மானிய ஆபீசர் மலை பூரா நடந்து பார்ப்பாரு மாயாண்டி, ஒரு பழைய செடி நின்னாலும் காச நிப்பாட்டிருவாங்க, அப்புறம் தொரை என்னையத்தான் கேப்பாரு" என்று சொல்லிவிட்டார். அம்மா அன்றைக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "வேற ஆளு கை அதுல படக்கூடாதுங்க, நீங்களே எடுங்க" என்று மட்டும் சொன்னாள். மற்றவர்கள் விலகி நின்றார்கள். அலவாங்குக் கம்பியைப் போடாமல் கையால் மண்ணைத் தள்ளித் தள்ளி எடுத்தேன். பாழாய்ப்போன செடி, என்னமாய் வேர் விட்டிருந்தது. எல்லோரும் பார்க்க அழுதேன் மகனே, வெட்கப்படவில்லை.

போன வாரம் ஆபீசர் வந்து பார்த்துத் திருப்தியாகப் போனார். மண் தேறுவதற்காக அங்கே முதலில் புல் நடுகிறார்கள், ஆள் உயரத்துக்கு வளருமாம், அதற்குப் பிறகுதான் புதுக் கன்று. அடையாளத்துக்கு ஒரு கல்லை வைத்துவிட்டு வந்தேன், மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டியவர்கள் அதையும் தூக்கி எறிந்துவிட்டார்கள். இப்போது அந்த இடம் தெரிந்தது எனக்கும் அம்மாவுக்கும்தான்.

பிடுங்கிய அந்தச் செடியின் கட்டையை விறகோடு சேர்க்க அம்மா விடவில்லை, அடுப்புக்கு மேலே பரணில் காய்கிறது. சித்திரையில் பூரணிக்குப் படைக்கும்போது அதை எரித்துத்தான் பொங்கவேண்டுமாம். நட்டவனே வந்து பற்றவைக்கட்டும் என்கிறாள்.

ராசிக் நானாவிடம் இப்போதே லீவு கேட்டு வை, அவருக்கு என் சலாம் சொல். வேளைக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே. நீ நீண்ட ஆயுளோடு இருக்க அம்மாவும் நானும் மனதார ஆசீர்வதிக்கிறோம். வரும்போது கம்பளி மறக்காதே. போன வருடம் மாதிரி சாக்குச் சொல்லாதே, புல் முழங்காலுக்கு வருவதற்குள் வந்துவிடு, இடத்தைக் காட்டிவிடுகிறேன். எங்களுக்குப் பிறகு அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தவன் நீ ஒருவனாவது இருக்கவேண்டும்.

இப்படிக்கு
உன் அப்பா
மாயாண்டி