அப்பாவின் அசையாத முகம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ, மாப்பிள்ளை, குட்டி மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம், அப்பாவைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன், பதறாமல் முழுசாகப் படி, நடுவில் போனை எடுக்காதே.

லிப்ட் பழுது பார்க்கும் வேலையில் இருந்தபோதே அவருக்கு அந்தப் படப் பைத்தியம் உண்டு. பேச்சே இல்லாத பழைய கறுப்பு வெள்ளைப் படம், ஒருவன் ஏணியோடு சேர்ந்து விழுவான், எழுந்து தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொள்வான், முகத்தில் ஒன்றுமே நடந்த மாதிரி இருக்காது. உன் கல்யாணத்தில் இல்லாத நாற்காலியில் உட்காரப் போய் உன் மாமியாரைக் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்க வைத்தாரே, அதெல்லாம் அங்கே கற்றதுதான். ஓய்வு பெற்ற பிறகு நூலக ஹாலில் ஞாயிறு பிற்பகல் படம் போட்டு முன்னுரையும் பேசுகிறார். பாஷையே வேண்டாம், விழத் தெரிந்தால் எந்த ஊரிலும் சிரிப்பார்கள் என்பார். அந்தக் காலத்து ஆள் விழுந்த விதம்தான் இன்று குட்டி பார்க்கிற பொம்மைப் படத்திலும், நம் காமெடியன்கள் அடி வாங்கிவிட்டு மலங்க விழிப்பதிலும் இருக்கிறதாம்.

இரண்டு மாதத்துக்கு முன் பனி கொட்டுகிற ஏதோ நாட்டுப் படம் போட்டார். அதில் ஒருவரும் சிரிப்பதில்லை, ஹாலில் யாராலும் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. தற்செயலாக இவர் பக்கம் திரும்பினேன். எப்போதும் முதலில் சிரிக்கிறவர் இவர்தானே. திரை வெளிச்சம் முகத்தில் ஓடிக்கொண்டிருந்தது, முகம் அப்படியே இருந்தது, கண்கூடச் சிமிட்டவில்லை. பஸ்ஸில் யாரோ முன்பின் தெரியாதவர் பக்கத்தில் உட்கார்ந்தால் செய்வதுபோல, கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மறுநாள் காலை குளியலறைக் கதவு திறந்திருந்தது, கண்ணாடி முன் நின்று இரண்டு விரலால் வாயின் ஓரங்களை மேலே தள்ளினார், விட்டார், மறுபடி தள்ளினார். என்னைக் கண்டதும் ஷேவ் செய்யப் போவதாகச் சொன்னார். கையில் பிளேடு இல்லை.

அடுத்த ஞாயிறு பேச ஏறியவர் மேடைப் படியில் கால் தடுக்கி முகம் குப்புற விழுந்தார். ஹாலே சிரித்தது. எழுந்தார், கால்சட்டையைத் தட்டினார், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை, இன்னும் சிரித்தார்கள், கைதட்டினார்கள். நூலகர் அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் என் தோளில் சாய்ந்தார். அப்பாவின் கால்சட்டையில் அவர் கை பட்ட இடமெல்லாம் சிவப்பாவதைப் பார்த்து நான் ஓடினேன், அதற்கும் சிரித்தார்கள். வெளியே கூட்டி வந்து உள்ளங்கையைக் கழுவிக்கொண்டே, வலிக்குதாங்க என்று கேட்டேன்.

"ரொம்ப வலிக்குது. மூஞ்சில தெரியலையா?" என்றார்.

நரம்பு டாக்டரிடம் போனோம். நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், பிறகு நன்றாகச் சிரித்துக் காட்டச் சொன்னார். டாக்டர் காத்திருந்தார், அப்பாவும் காத்திருந்தார். எவ்வளவு நேரமாகச் சிரிக்கிறேன், போதுமா என்று அப்பா கேட்டபோது டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மூளை சம்பந்தப்பட்ட கோளாறாம், சிலருக்குக் கை நடுக்கத்துக்கு முன்னாலேயே முகம் இறுகிவிடுமாம். உள்ளே எல்லாம் இருக்கும், வெளியே வராது என்றார். மாத்திரையும் முகப் பயிற்சியும் தந்திருக்கிறார், கொஞ்சம் தளரலாம், பழையபடி ஆகும் என்று சொல்லவில்லை.

நேற்று மறுபடி ஹாலுக்குப் போயே தீருவேன் என்றார். ஏற இறங்க நான் பிடித்துக்கொண்டேன். படம் ஓடும்போது என்ன தோன்றியதோ, என் கையை அவர் முதுகில் வைத்தேன். வெகுநேரம் ஒன்றுமில்லை, கல்லைத் தொட்ட மாதிரி இருந்தது. அப்புறம் தோள்பட்டைக்குக் கீழே ஏதோ அதிர்ந்தது, பூட்டிய அறைக்குள்ளிருந்து யாரோ கதவைத் தட்டுவதுபோல, விட்டு விட்டு, பிறகு விடாமல். சிரிக்கிறார், மகளே. உன் அப்பா சிரிக்கிறார்.

இரண்டு பேரும் தினமும் பழம் சாப்பிடுங்கள், குட்டியைக் குளிரில் வெளியே விடாதே. நீங்கள் மூவரும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மறக்காதே, வீடியோவில் பேசும்போது குட்டி வேடிக்கையாக ஏதாவது செய்தால் தாத்தா முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திவிட வேண்டாம் என்று சொல். என் கை அவர் முதுகில் இருக்கும். அவர் சிரிக்கும்போது நான் தலையாட்டுவேன்.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா