சுவருக்கு மேலே போன கேபிள்

ஜூலை 5, சனி

எங்கள் தோட்டத்து லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள சுவர் கூரையைத் தொடாது. இன்று அந்த இடைவெளி வழியாகக் கேபிளை வீசினேன். பக்கத்து வீட்டில் தர்மராஜ் பிடித்தான். சிரம்பானில் நடக்கும் கணினிப் போட்டிக்கு எங்கள் பள்ளியிலிருந்து நாங்கள் இருவர்தான். இரண்டு லேப்டாப்பையும் பேச வைக்க வேண்டும்.

புரோகிராம் போர்ட் எண் கொடு என்றது. எனக்குத் தெரிந்த ஒரே போர்ட், கடற்கரை ஊரான போர்ட் டிக்சன்தான்!

அவனுடைய லேப்டாப் காத்திருந்தது. என்னுடையது கூப்பிட்டது. "நான் பேய். பிஸ்கட் டின்னைத் திற" என்று அனுப்பினேன். அந்தப் பக்கம் நாற்காலி விழுந்தது. "வ... வ..." என்றான். "வந்துருச்சாடா?" என்று நானே முடித்தேன்.

வந்துவிட்டது. நான் தட்டிய எழுத்து சுவர் ஏறி இறங்கிப் போயிருக்கிறது. எப்படி?

ஜூலை 6, ஞாயிறு

அம்மா: "ஏன்டி ரோகினி, வாசல்ல நின்னு பேசுனா ஆகாதா?"

ஆகாது. தர்மராஜுக்குப் பேச்சு திக்கும். அவன் தொடங்குவதை எல்லாரும் முடித்துவிடுவோம், நான்தான் முதல் ஆள். போட்டியில் நான் பேச, அவன் தட்டுவான் என்று டீச்சரும் சொல்லிவிட்டார். மேடை என்றால் எனக்கு உயிர்.

ஜூலை 9, புதன்

கடுப்பு! இந்தப் புரோகிராமில் ஒருவர் அனுப்பும்வரை மற்றவர் சும்மா இருக்க வேண்டும். அவன் தட்டுகிறான், தட்டுகிறான்... அதுவரை என் பக்கத்திலிருந்து எதுவும் போகாது.

"டேய், கதையா எழுதுறே?" என்று சுவருக்கு மேலே கத்தினேன். கடைசியில் திரையில் வந்தது:

"போட்டியில நானும் பேசணும். ரெண்டாவது பகுதி நான்தானே எழுதப் போறேன். திக்கினா நீ முடிக்காதே. ப்ளீஸ்லா."

இப்போது என் முறை. "சரிடா" என்று தட்டினேன்.

ஜூலை 12, சனி

த்ரெட்! நூல் விடுவதில் நான் கில்லாடி, ஆனால் இது வேறு நூல். ஒரே புரோகிராமுக்குள் ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கும், இன்னொன்று அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒன்றுக்காக ஒன்று நிற்காது. தர்மராஜ்தான் எழுதினான்.

நான் பாதி வரியில் இருக்கும்போதே அவன் வரி என் திரையில் குதித்தது: "போதும்லா, பழைய ஜோக்."

என் பேச்சில் குறுக்கே வந்துவிட்டான்! பதினாறு வருடத்தில் முதல் தடவை. எழுந்து போய்க் கேபிளைத் தொட்டுப் பார்த்தேன். சூடுகூட இல்லை. இதற்குள்ளா இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஓடினோம்?

ஜூலை 18, வெள்ளி

இரண்டாவது பகுதியைத் தர்மராஜே பேசுவான் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டேன். "மார்க் போயிடும்லா, ரோகினி." போகட்டும் டீச்சர் என்றேன்.

ஜூலை 19, சனி

சிரம்பான். இரண்டாவது பகுதிக்குத் தர்மராஜ் எழுந்தான்.

"த்... த்..."

நடுவர் என்னைப் பார்த்தார். அந்தச் சொல் என் நாக்கு நுனியில் நின்று குதித்தது — ஐயோ, நான் பட்ட பாடு! என் கையை நானே கிள்ளிக்கொண்டேன்.

"...த்ரெட்" என்றான். மறுபடி திக்கினான், மறுபடி தொடர்ந்தான். நடுவர் கேள்வியை முடிப்பதற்குள் அவருக்கே குறுக்கே பதில் சொன்னான். நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பரிசு மந்தின் ஊர்ப் பள்ளிக்குப் போனது. திரும்பும் வேனில் தர்மராஜ் எங்கள் ஊர் லிங்கி வரைக்கும் பேசிக்கொண்டே வந்தான். நடுவில் ஒரு சொல் நுழைக்க எனக்கு இடமே கிடைக்கவில்லை.