கையேற்குமுன் காய்ச்சிய பால்

செவ்வாய், ஜனவரி 6

மைனஸ் பதினான்கு. கார் கிளம்பவில்லை. வேலைக்குச் சுரங்க ரயிலில். கையுறை ஒன்றைக் காணவில்லை.

இந்தக் கிழமைக்குள் ஒரு சட்டத்தரணி பிடிக்க வேண்டும். வீடு: குரோருட்டில், சிவநேசன் அண்ணையின் தொடர்வீடு. அவர் ஸ்தவாங்கருக்குப் போய் மகளோடு இருக்கப்போகிறார். தரகர் இல்லை, விளம்பரம் இல்லை, ஏலம் இல்லை. “தெரிஞ்ச ஆக்களுக்குள்ளை என்னத்துக்குத் தம்பி தரகன்” என்றார். ஆகவே ஒப்பந்தம் எழுதவும், காசை நடுவில் வைத்திருக்கவும் ஒரு ஆள் தேவை.

யார் யார்:
1. கு.வின் மகள். தமிழ்ப் பிள்ளை. மனைவி சுகந்தியின் விருப்பம்.
2. வங்கிக்காரன் சொன்ன பெரிய அலுவலகம். போன் எடுத்தால் இசை மட்டும்.
3. பெரித். நொர்வேஜியப் பெண், வயது அறுபதுக்குக் கிட்ட. தனி அலுவலகம். தானே போனை எடுத்தார்.

கு. என்பவர் கோயில் பொதுக்கூட்டத்தில் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே மைக்கைப் பிடுங்கியவர். சபை சிரித்தது. யார் யார் சிரித்தது என்று இன்னும் தெரியும்.

சுகந்தி: “தகப்பனோடை கோபமெண்டால் தகப்பனோடை வைச்சிருங்கோ. அந்தப் பிள்ளை என்ன செய்தது?”
“நாங்கள் கையெழுத்து வைக்க முதல் ரொம்சோஸ் தமிழ்ச்சனம் முழுக்கத்துக்கும் தெரிஞ்சிடும்.”
“தெரிஞ்சால் என்ன, களவே எடுக்கிறம்?”

பெரித் என்று முடிவு. இந்த வயதில் வங்கி இரண்டாம் தடவை கடன் தராது. இது பிழைத்தால் சாகும்வரை வாடகை வீடு.

வெள்ளி, ஜனவரி 9

பெரித்தைச் சந்தித்தேன். கோப்பி தரவில்லை. நல்லது, கதைக்க வந்தால் கதைக்க வேண்டும்.

கையேற்கும் நாள்: பெப்ரவரி 2, திங்கள். அதுவரை அது சிவநேசனின் வீடு என்றார். “குழாய் உடைந்தாலும் கூரை பறந்தாலும் அவருடைய தலைவலி. கையேற்ற பிறகு உங்களுடையது. அதற்கு முன் கதவுப் பூட்டின் திறப்பை வாங்காதீர்கள். ஒரு கதிரையைக்கூடக் கொண்டுபோய் வைக்காதீர்கள்.”

குழந்தைப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் இரண்டு தடவை சொன்னார். நான் பௌதிகப் பட்டதாரி என்று சொல்ல நினைத்தேன். ஆஸ்பத்திரிக் களஞ்சியத்தில் பெட்டி எண்ணுகிறவன் பட்டத்தைச் சொன்னால் இவர்களுக்கு ஒருவித இரக்கம் வரும். அந்த இரக்கம் வேண்டாம்.

வெள்ளி, ஜனவரி 16

கையெழுத்து. நான் ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு தடவை வாசித்தேன், அண்ணை வாசிக்காமலே வைத்தார். விற்கிறவருக்கு என்ன.

பின்னேரம் சுகந்தி கோயில் ஐயருக்குப் போன். “ரெண்டாந் திகதி பிரதமை. கூடாதாம். இருபத்துமூண்டு பஞ்சமி, வெள்ளிக்கிழமையும். அண்டைக்குக் காய்ச்சட்டாம்.”
“திறப்பு வாங்கக் கூடாதெண்டு லோயர் சொன்னவ.”
“குடியே போறம்? பால்தானே காய்ச்சப்போறம்.”

எனக்குப் பிரதமையில் நம்பிக்கை இல்லை. ஆனால் இந்த வீட்டை வைத்து அதைச் சோதித்துப் பார்க்கத் துணிவும் இல்லை. மச்சான் நாள் பாராமல் குடிபோனான், வருடம் திரும்பமுன் மனைவி பிரிந்தாள். நாள் பார்க்கத் தேவையில்லை என்று நான் சொன்னதுதான் காரணமாம்.

பெரித்திடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார். பால், பிரதமை என்றெல்லாம் அந்த மேசைக்கு முன்னால் கதைக்க வெட்கம்.

வெள்ளி, ஜனவரி 23

மைனஸ் பதினொன்று, வெயில். காய்ச்சியாயிற்று. அண்ணை வீட்டைக் காலிபண்ணிவிட்டு ரொம்சோஸில் சிநேகிதர் வீட்டில் நிற்கிறார். அங்கே போய்த் திறப்பு வாங்கினேன். “கடதாசிக்காரர் தங்கடை வேலையைச் செய்யட்டும், நீர் உம்மடை வேலையைப் பாரும்” என்று சிரித்தார்.

வெறும் வீடு, எங்கள் குரலே திரும்பி வந்தது. பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கியது. சாம்பிராணிக்குப் புகை எச்சரிக்கை மணி கத்தத் தொடங்க, குசினி ஜன்னலைத் திறந்தோம். சுகந்தி அழுதாள். எனக்கும் கொஞ்சம்.

திறப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். “வைச்சிரும் தம்பி. என்னட்டை இன்னொண்டு கிடக்கு.” வைத்துக்கொண்டேன்.

செவ்வாய், ஜனவரி 27

குசினிக் குழாய் உறைந்து வெடித்துவிட்டது. நிலவறை முழுக்கத் தண்ணீர், குசினித் தரைப்பலகை ஊதிக் கிடக்கிறதாம். பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் கேட்டு அண்ணைக்குச் சொல்ல, அண்ணை எனக்குச் சொன்னார்.

ஜன்னல். நான் பூட்டினேனா?

சுகந்தி: “நீங்கள்தானே திறந்தனியள்.”
“நீதானே சாம்பிராணி போட்டனீ.”

ஞாபகம் இருப்பவை: அடுப்பை நிறுத்தியது, இரண்டு தடவை பார்த்தது. பானையைத் துவாயில் சுற்றியது. சப்பாத்து நாடா அறுந்தது. கதவுப் பூட்டை இழுத்துப் பார்த்தது. ஜன்னல்: ஒன்றும் இல்லை. எவ்வளவு நினைத்தாலும் அந்த இடம் வெறுமை.

என் காப்புறுதி 2ஆம் திகதிதான் தொடங்குகிறது. பால் காய்ச்சிய அன்றே வீடு கைமாறிவிட்டது என்றால் அண்ணையின் காப்புறுதி விலகிவிடும். தண்ணீர் இரண்டுக்கும் நடுவில்.

புதன், ஜனவரி 28

பெரித்திடம் எல்லாம் சொன்னேன். சொல்லும்போது குரல் பெடியன் குரல்போல் வந்தது.

“பாலை ஏன் அங்கே போய்க் கொதிக்கவைத்தீர்கள்?”
விளக்கினேன்.
“குடித்தீர்களா?”
“ஓம்.”
“அப்படியானால் அன்றே வீட்டைக் கையேற்றுவிட்டீர்கள், அது புதுமனை புகுவிழா என்று எதிர்த்தரப்பு சொல்லலாம்.”
“அது புதுமனை புகுவிழாதான்.”
பேனாவைக் கீழே வைத்தார். கு.வின் மகள் என்றால் முதல் நாளே ‘பால் எப்ப காய்ச்சப்போறியள்’ என்று கேட்டிருப்பாள். கேட்டுத் தடுத்திருப்பாள். கு.வின் அதே மூக்கும் சிரிப்புமாக இருந்தாலும் தடுத்திருப்பாள்.

மத்தியானம் அண்ணையின் போன். கோபம் இல்லை, அதுதான் இன்னும் பயம்.

“யோசியாதையும் தம்பி. வீடு குடுத்தாச்செண்டு என்ரை இன்சூரன்ஸ்காரனுக்குச் சொல்லிப்போட்டன். இனி உம்மடை இன்சூரன்ஸ் பாக்கும்தானே.”
என்னுடையது இன்னும் தொடங்கவில்லை என்று சொல்ல வரவில்லை. ஜன்னலைப் பற்றி மட்டும் கேட்டேன்.
“அது ஆவெண்டு கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை பனி தள்ளுற சவள் எடுக்கப் போனனான், நான்தான் பூட்டினனான். உம்மடை மனிசி ஏங்கிப்போடும் எண்டு சொல்லேல்லை.”

உடனே பெரித்துக்குச் சொன்னேன். அவருடைய குரல் மாறியது. “தன் திறப்பால், உங்களைக் கேட்காமல் போய்வந்தாரா? அப்படியானால் வீடு இன்னும் அவர் கையில்தான் இருந்தது என்று வாதாடலாம். இதை அவருடைய எழுத்தில் வாங்குங்கள். ஜன்னலைத் திறந்துவைத்தது நீங்கள் என்பதையும் எழுதுவோம். எதையாவது மறைத்தால் நான் விலகிவிடுவேன். அவர் எழுதுவதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்து அனுப்புங்கள்.”

வியாழன், ஜனவரி 29

பனி. வேலைக்குப் போகவில்லை, காய்ச்சல் என்று சொன்னேன்.

அண்ணைக்குச் செய்தி அனுப்பினேன்: ‘அண்ணை, ஞாயிற்றுக்கிழமை வந்து ஜன்னல் பூட்டினதுக்கு நன்றி. சுகந்தியும் சொல்லச் சொன்னவ.’

சுகந்தி ஒன்றும் சொல்லச் சொல்லவில்லை. போனை வாங்கி வாசித்தாள். “எங்களுக்கு நல்லது செய்த மனிசனிட்டை இப்பிடியே வாயைப் புடுங்கிறது?”
“வீடு போகட்டோ அப்ப?”
அவள் சலவை அறைக்குப் போய்விட்டாள். அங்கே கழுவ ஒன்றும் இல்லை.

உண்மையில் யார் யாரை ஏமாற்றுகிறோம்? அவர் காப்புறுதிக்காரனிடம் சொல்லமுன் என்னை ஒரு வார்த்தை கேட்டாரா? இல்லை. எல்லோரும் என் தலைக்கு மேலால்தான் முடிவு எடுப்பார்கள். கோயில் கூட்டத்திலும் அப்படித்தான். ஆனால் அவர் ஜன்னலைப் பூட்டினார்.

பதில் வந்தது:

‘ஓம் தம்பி, ஞாயிறு நான்தான் வந்து பூட்டினனான். அதுக்கென்ன நன்றி, பால் காய்ச்சின நாளிலையிருந்து அது உங்கடை வீடுதானே.’

பெரித் இரண்டு தடவை போன் எடுத்துவிட்டார். நாலு மணிக்கு அலுவலகம் பூட்டுகிறார், அதற்குமுன் மொழிபெயர்ப்பு வேண்டுமாம்.

முதல் வசனத்தை மொழிபெயர்த்துவிட்டேன். ‘உங்கடை வீடுதானே’ மிச்சம்.